டக் என்ற சத்தம்: ஒரு ஹார்டு டிஸ்க் மியூசிக் பிளேயரின் பழுது ஆய்வு

அக்கா அந்தப் பிளேயரைக் கொடுத்தபோதே தீர்ப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டாள். "டிஸ்க் போயிடுச்சுடா. உள்ளேருந்து டக் டக்குன்னு சத்தம் வருது. பாட்டை மட்டும் எடுத்துக் கொடு, போதும்."

கைக்குள் அடங்கும் பிளேயர். உள்ளே 30 ஜிபி கொள்ளும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். 2001 அக்டோபரில் ஆப்பிளின் முதல் ஐபாட் 5 ஜிபி டிஸ்க்கோடு வந்த பிறகு, இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பிளேயர் செய்தன. அக்காவிடம் இருப்பது அப்படி வந்த வேறொரு நிறுவனத்தின் பிளேயர். பெயரைச் சொல்லப் போவதில்லை. பதினைந்து வயதைத் தாண்டிய எந்தப் பிளேயருக்கும் வரக்கூடிய பழுதுதான் இது. பேட்டரி மட்டும் நடுவில் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது; அந்த மாற்றுப் பேட்டரிக்கே இப்போது ஆறேழு வருடம் இருக்கும்.

டிஸ்க் போய்விட்டது என்று நானும் ஏறக்குறைய நம்பினேன். சுழலும் தட்டு உள்ள பொருளிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் வேறென்ன நினைப்பது? அந்த முடிவு தப்பு என்று தெரிய நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் எதை எந்த வரிசையில் பார்த்தேன், எங்கே தடுமாறினேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். இதே சத்தத்தைக் கேட்டுவிட்டு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அக்கா சொன்ன குறைகள்

கையில் வாங்கியதும் அக்காவை உட்கார வைத்து, என்னென்ன ஆகிறது, எப்போது ஆகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பழுது பார்ப்பதில் பாதி வேலை இதுதான் என்பது என் எண்ணம். அவள் சொன்னது நான்கு.

முதலாவது, முழுசாக சார்ஜ் போட்டு எடுத்தால் பாட்டு நன்றாகப் பாடும். அரை மணி நேரத்துக்குள் டக் என்று ஒரு சத்தம், திரை உறைந்துவிடும், பிறகு தானாக அணைந்து மறுபடி எழும். சில நேரம் எழாமல் டக் டக் என்றே கிடக்கும். பேட்டரிப் படம் அப்போதும் பாதிக்கு மேல் காட்டும்.

இரண்டாவது, சில நேரம் பாட்டில் குரல் மட்டும் காணாமல் போகும். இசை மட்டும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பிளக்கைத் திருகினால் சரியாகும்.

மூன்றாவது, மேலே இருக்கும், பொத்தான்களைப் பூட்டி வைக்கும் ஹோல்டு சுவிட்ச்சைத் திறந்தாலும் பொத்தான்கள் வேலை செய்யாது. நாலைந்து முறை தள்ள வேண்டும்.

நான்காவதை அவள் ஒரு குறையாகவே சொல்லவில்லை. மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது என்று நான்தான் கவனித்தேன். "ஒருதரம் கீழே விழுந்துச்சு, அதுல பின்னாடி தகடு வளைஞ்சிருக்கும்" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அங்கே நின்று யோசித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதலில் நகல்

டிஸ்க் சாகப் போகிறது என்ற சந்தேகம் இருந்தால் முதல் வேலை ஆராய்ச்சி இல்லை, நகல் எடுப்பது. எங்கள் பாட்டி பேசிய இரண்டு பதிவுகள் அதில் இருந்தன, வேறெங்கும் இல்லை. திருப்புளியைத் தொடும் முன்பே யூஎஸ்பி கேபிளில் கணினியோடு சேர்த்து எல்லாக் கோப்புகளையும் இழுத்தேன். ஒரு தடங்கலும் இல்லை. அதற்கு மேல் டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து (தகவலை வைக்கும் சிறு துண்டு) கடைசி செக்டார் வரை வெறுமனே வாசிக்கும் சோதனையையும் ஓட்டினேன். நாற்பது நிமிடம் ஓடியது. ஒரு செக்டார்கூட வாசிக்க முடியாமல் போகவில்லை. டக் சத்தமும் இல்லை.

இது பெரிய தடயம். சாகிற டிஸ்க் நாற்பது நிமிடம் இடைவிடாமல் வாசித்துக் கொடுக்காது. ஆனால் பாட்டு கேட்கும்போது நின்றுபோவதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? கணினியில் இருக்கும்போது யூஎஸ்பி வழியாக மின்சாரம் வருகிறது. கையில் இருக்கும்போது பேட்டரி மட்டும்தான். இந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனாலும் அதைப் பின்தொடராமல், சூடு ஏறினால்தான் டிஸ்க் மக்கர் செய்கிறதோ என்று ஒரு மாலையை வீணாக்கினேன்.

பாட்டின் தரம் மாறினால் நிற்கும் நேரமும் மாறியது

மறுநாள் வேறு மாதிரி பார்க்கலாம் என்று கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் முழு சார்ஜிலிருந்து தொடங்கினேன். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் உள்ள பாட்டுகளை ஓடவிட்டேன்: 26 நிமிடத்தில் நின்றது. மறுபடியும் 26. அடுத்து 320 கேபிபிஎஸ் பாட்டுகள்: 10 நிமிடத்தில் நின்றது.

டிஸ்க் உள்ள பிளேயர்கள் எப்படிப் பாடுகின்றன என்று தெரிந்தால் இந்த எண்கள் தாமாகவே பேசும். டிஸ்க் எந்நேரமும் சுழன்றுகொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் பிளேயர் டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் சுழற்றி, பல பாட்டுகளை ஒரே மூச்சில் நினைவகத்துக்கு அள்ளிக்கொள்ளும். பிறகு டிஸ்க்கை நிறுத்திவிட்டு நினைவகத்திலிருந்தே பாடும். தீரும் நேரத்தில் மறுபடி டிஸ்க்கை எழுப்பும். இந்தப் பிளேயரில் 32 மெகாபைட் நினைவகம். மென்பொருளுக்குப் போக 25 மெகாபைட் பாட்டுக்கு மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். 128 கேபிபிஎஸ் பாட்டு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் அளவு தின்னும். 25 மெகாபைட் 26 நிமிடம் வரும். 320 கேபிபிஎஸ் பாட்டு நிமிடத்துக்கு 2.4 மெகாபைட், 10 நிமிடம்.

ஆகவே பிளேயர் நிற்பது அரை மணி நேரம் ஆனதால் இல்லை, சூடு ஏறியதால் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த டிஸ்க்கை எழுப்புகிற அந்த நொடியில்தான் நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கடிகாரமும் இரண்டு வகைக் கோப்புகளும் போதுமாக இருந்தன. பெட்டியைத் திறக்கவே இல்லை.

காதால் கேட்ட சாட்சி

அடுத்து அந்த டக் சத்தத்தையே உற்றுக் கேட்டேன். ஒரு மரக் குச்சியின் ஒரு முனையைப் பிளேயரின் முதுகில் வைத்து, மறுமுனையைக் காதோரம் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது துல்லியமாகக் கேட்கும்.

கேட்டது இதுதான். மெலிதாக ஒரு உயிர்ப்பு. விர்ர் என்று வேகம் ஏறுகிறது. ஏறி முடிக்கும் முன்னரே ஒரு டக். அதன் பிறகு சுழற்சி தளர்ந்து, தாழ்ந்து, அடங்குகிறது. ஒரு விநாடி அமைதி. மறுபடி விர்ர், டக், அடங்கல்.

தலை கெட்டுப்போன டிஸ்க் இப்படிச் சத்தம் போடாது. அதில் தட்டு ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மேல் படிக்கும் தலை தன் தடத்தைத் தேடித் தேடித் திரும்புவதால் டக், டக், டக் என்று சீரான தாளம் கேட்கும். இங்கேயோ டக்குக்குப் பிறகு சுழற்சியே நின்றுபோகிறது.

இந்தச் சிறிய டிஸ்க்குகளில் ஓர் ஏற்பாடு உண்டு. ஓடும்போது படிக்கும் தலை தட்டின் மேல் மயிரிழையிலும் மெல்லிய காற்று இடைவெளியில் மிதக்கிறது. மின்சாரம் திடீரென்று போனால் தலை தட்டில் உட்கார்ந்து கீறிவிடும். அதைத் தடுக்க, இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரையே ஒரு சின்ன ஜெனரேட்டராக்கி, அதிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தால் தலையை ஓரத்தில் இருக்கும் சரிவு மேடைக்குச் சட்டென்று இழுத்துவிடுவார்கள். அப்படி அவசரமாக இழுக்கும்போது வரும் சத்தம்தான் டக். வழக்கமாக நிறுத்தும்போது தலை நிதானமாக ஏறும், சத்தம் காதில் விழாது.

இதைப் புரிந்துகொண்டதும் எனக்கு அந்த டிஸ்க் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நாம் சாவுச் சத்தம் என்று நினைத்தது, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சத்தம். பட்டினி போட்டவரை விட்டுவிட்டுப் பசித்தவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

திறப்பு

இனி பேட்டரியை அளக்க வேண்டும். அதற்குத் திறந்தாக வேண்டும். பின்புறத் தகடு உள்ளே கொக்கிகளால் பிடித்திருக்கும் வகை. கத்தியோ திருப்புளியோ வேண்டாம்; கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லை போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கே போதும். மூலையில் தொடங்காமல் நீண்ட பக்கத்தின் நடுவில் நுழைத்து, ஒவ்வொரு கொக்கியாக விடுவித்துக்கொண்டே போக வேண்டும். தகட்டை ஒரேயடியாகத் தூக்கவும் கூடாது. ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து வரும் ரிப்பன் கேபிள் தகட்டிலோ போர்டிலோ ஒட்டியிருக்கலாம். புத்தகத்தைத் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

டிஸ்க்கின் ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் கனெக்டரில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதை நகத்தால் மேலே நிமிர்த்தினால் கேபிள் தானாகவே தளர்ந்து வரும். நிமிர்த்தாமல் இழுத்தால் தாழ்ப்பாள் முறியும். முறிந்தால் அந்தப் போர்டில் அதை மாற்றுவது வீட்டு வேலை இல்லை. இந்த ஒரு இடத்தில் அவசரப்படாமல் இருந்தால் போதும், மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். திருகாணிகளை, ஒரு தாளில் பிளேயரின் வடிவத்தை வரைந்து, எங்கிருந்து எடுத்தேனோ அந்த இடத்திலேயே ஒட்டி வைத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம்.

மீட்டர் காட்டிய பொய்யும் பத்து ஓம் சொன்ன உண்மையும்

பேட்டரியின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 3.86 வோல்ட். இந்த வகை லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்; சராசரியாக 3.7 என்று உறையில் எழுதியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் 3.86 என்பது பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள நல்ல பேட்டரி. பேட்டரிப் படம் பாதிக்கு மேல் காட்டியதும் இதனால்தான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது என்று மூடிவிடுபவர்கள் பலர்.

வேலை கொடுக்காமல் பேட்டரியை அளப்பது, படுத்திருப்பவரைப் பார்த்து நடப்பாரா என்று சொல்வது போலத்தான். மல்டிமீட்டர் பேட்டரியிடமிருந்து எதையும் கேட்பதில்லை. டிஸ்க் கேட்கிறது.

10 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை எடுத்தேன். கனெக்டரின் துளைகளுக்குள் உறை போட்ட மெல்லிய கம்பிகளை, ஒன்றையொன்று தொடாதபடி ஒவ்வொன்றாக நுழைத்து, மின்தடையை மூன்று விநாடி மட்டும் சேர்த்தேன். மீட்டரில் எண் சரிந்தது: 3.86 இருந்தது 3.19 ஆனது. எடுத்ததும் மெதுவாக மேலே ஏறியது.

கணக்கு எளிது. 3.19 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 0.319 ஆம்பியர் ஓடியிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு 0.67 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைந்திருக்கிறது. 0.67-ஐ 0.319-ஆல் வகுத்தால் 2.1 ஓம். அதுதான் பேட்டரியின் உள்தடை. இந்த அளவுள்ள ஆரோக்கியமான பேட்டரியில் இது ஒரு ஓமில் சில பத்தில் ஒரு பங்கே இருக்க வேண்டும்.

இனி டிஸ்க்கின் பக்கம். அது கேட்பது 3.3 வோல்ட். பேட்டரியிலிருந்து அதைத் தயாரித்துக் கொடுக்கும் சுற்றுக்கு 3.3-க்கு மேல் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். நின்றிருக்கும் தட்டைச் சுழற்றி எழுப்பும்போது டிஸ்க் சுமார் 350 மில்லிஆம்ப் இழுக்கிறது. பாட்டு மட்டும் பாடும்போது பிளேயருக்கு இதில் சின்னப் பங்கே போதும். 350 மில்லிஆம்ப்பை 2.1 ஓமால் பெருக்கினால் 0.74 வோல்ட் இழப்பு. அப்போதுதான் சார்ஜ் போட்டு எடுத்த 4.2 வோல்ட் பேட்டரியில் 0.74 போனால் 3.46 மிஞ்சும், டிஸ்க் எழுந்துவிடும். அரை மணி நேரத்தில் 3.86-க்கு இறங்கிய பேட்டரியில் 0.74 போனால் 3.12. டிஸ்க் எழாது. முதல் சுற்று எப்போதும் தப்புவதும் இரண்டாவது சுற்றில் விழுவதும் ஏன் என்று இந்த இரண்டு கழித்தல்கள் சொல்லிவிட்டன.

கணக்கு எவ்வளவு அழகாக வந்தாலும் அது கணக்குதான். புதுப் பேட்டரி வாங்கும் முன் நிரூபிக்க வேண்டும். ஒரு டார்ச்சிலிருந்த நல்ல 18650 செல்லை, அதாவது உருளை வடிவ லித்தியம் பேட்டரியை, அதற்குரிய ஹோல்டரில் போட்டு, நடுவில் ஒரு ஆம்பியர் ஃபியூஸும் மீட்டரும் வைத்து, பிளேயரின் பேட்டரி முனைகளோடு சேர்த்தேன். வோல்ட் இரண்டுக்கும் ஒன்றே. மேலே சொன்ன 350 என்ற எண்ணும் அப்போது மீட்டரில் எட்டிப் பார்த்த உச்சம்தான். 128 கேபிபிஎஸ் பாட்டுகளை ஓடவிட்டேன். 26-வது நிமிடத்தில் விர்ர் என்று டிஸ்க் எழுந்தது, பாட்டுகளை அள்ளிக்கொண்டது, சத்தமில்லாமல் தூங்கப் போனது. 52-லும் அதேதான். 78-லும்.

பிறகு பழைய பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி மாட்டினேன். 26 நிமிடம். டக்.

நல்லதை வைத்தால் பழுது போகிறது, கெட்டதைத் திருப்பி வைத்தால் பழுது திரும்புகிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் செய்வதில்லை. சரியானது போதும் என்று மூடிவிடுகிறோம். கழற்றி மாட்டியதில் ஏதோ ஒரு தளர்ந்த கனெக்டர் தற்செயலாகச் சரியாகியிருக்கலாம் அல்லவா? பழுதைத் திரும்ப வரவழைக்க முடிந்தால்தான் அதைப் பிடித்துவிட்டோம் என்று பொருள்.

அடியில் இருந்த வீக்கம்

பேட்டரி பசையால் உள்ளே ஒட்டியிருந்தது. ஓரத்தில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் நுழைத்து அறுப்பதுபோல் இழுத்தேன். உலோகக் கருவியை அங்கே கொண்டுபோகவே கூடாது. உறையில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

நிமிர்த்திப் பார்த்ததும் மனசு திக்கென்றது. மேலே தட்டையாக இருந்த பேட்டரி, போர்டைப் பார்த்த பக்கத்தில் தலையணைபோல் உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் மின்பகுளி சிதைந்து வாயுவாகும்போது உறை இப்படி வீங்கும். மேசையில் பிளேயர் ஆடியதற்கு இதுதான் காரணம். தகடு விழுந்து வளைந்ததில்லை, உள்ளிருந்து தள்ளப்பட்டு வளைந்திருக்கிறது. முதலிலேயே இதைப் பார்த்திருந்தால் அந்தப் பேட்டரியைச் சோதிக்கவோ மறுபடி சார்ஜ் போடவோ செய்திருக்க மாட்டேன். உங்கள் பிளேயரோ ஃபோனோ தட்டையான இடத்தில் ஆட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். எடுத்த பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட உலோக டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்தேன். குப்பைத் தொட்டி இதற்கு இடமில்லை.

புதுப் பேட்டரி தேர்ந்தெடுப்பதில் ஒரு வசதி உண்டு. இந்த மெல்லிய உறைப் பேட்டரிகளின் மேல் 383450 போல ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தடிமன், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். அடுத்த இரண்டு அகலம். கடைசி இரண்டு நீளம். அதாவது 3.8 மில்லிமீட்டர் தடிமன், 34 அகலம், 50 நீளம். இந்த எண்ணும் வோல்ட்டும் பொருந்தினால் பெட்டிக்குள் உட்காரும். அதே அளவு உறைக்குள் இரண்டு மடங்கு கொள்திறன் என்று எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். தடிமனில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலும் வேண்டாம்; தகடு மூடினாலும் அது டிஸ்க்கை அழுத்திக்கொண்டே இருக்கும்.

மூன்று கம்பி உள்ள பேட்டரியா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. மூன்றாவது கம்பி உள்ளே இருக்கும் தெர்மிஸ்டரில் முடிகிறது. பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சார்ஜ் சுற்றுக்குச் சொல்வது அதுதான். பெரும்பாலும் 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் இருக்கும், சூடு ஏற ஏறக் குறையும். புதுப் பேட்டரியின் மூன்றாவது கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்துவிட்டு, பேட்டரியின் தலைப்பகுதியை இரண்டு விரலால் லேசாகப் பற்றிக்கொண்டேன். 9,800, 9,500, 9,100 என்று எண் இறங்கியது. விரலை எடுத்ததும் ஏற ஆரம்பித்தது. உயிரோடு இருக்கிறது. இரண்டு கம்பிப் பேட்டரியை மாட்டி, மூன்றாவது முனையில் ஒரு சாதாரண மின்தடையை வைத்துச் சார்ஜரை ஏமாற்றும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி கொதித்தாலும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றே சார்ஜர் நம்பிக்கொண்டிருக்கும்.

கனெக்டர் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தினாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கலாம். எனக்கு வந்தது அப்படித்தான் மாறியிருந்தது. மாட்டும் முன் மீட்டரால் பார்த்ததால் போர்டு பிழைத்தது. ஊசியால் ஒரு முனையை வெளியே எடுத்து, அதன் மேல் டேப் சுற்றி, பிறகு அடுத்ததை எடுத்து மாற்றினேன். இரண்டும் ஒரே நேரத்தில் மூடாமல் வெளியே இருக்கவே கூடாது.

புதுப் பேட்டரியில் அதே பத்து ஓம் சோதனை: 4.05 இருந்தது 3.98 ஆனது. உள்தடை 0.18 ஓம் கூட இல்லை.

சரியான பலன், தப்பான காரணம்

இந்த வகைப் பிளேயர்களில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஒரு அடாப்டரில் மெமரி கார்டு போடுவது இப்போது பரவலாக நடக்கிறது. நானும் முதல் நாளே அந்த அடாப்டரை வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிளேயர் சரியாகியிருக்கும். மெமரி கார்டில் சுழற்றி எழுப்ப எதுவும் இல்லை. அது கேட்கும் மின்சாரம் குறைவு. அந்த நோஞ்சான் பேட்டரியே அதற்குப் போதும். டக் சத்தமும் போயிருக்கும். "பார்த்தியா, டிஸ்க்தான்" என்று அக்காவும் நானும் சந்தோஷமாக மூடியிருப்போம். நல்ல டிஸ்க் குப்பைக்குப் போயிருக்கும். வீங்கிய பேட்டரி உள்ளேயே இருந்து, ஒவ்வொரு சார்ஜிலும் இன்னும் கொஞ்சம் உப்பிக்கொண்டு, அக்காவின் தலையணை பக்கத்தில் கிடந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

குரல் மட்டும் போன மர்மம்

அடுத்து அந்தக் கிணற்றுச் சத்தம். இந்தப் பழுதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஹெட்ஃபோன் பிளக்கில் மூன்று பட்டைகள் இருக்கும்: நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. நுனியின் இணைப்பு விட்டால் இடது காது போகும். வளையம் விட்டால் வலது. பொது வழி விட்டால் இரண்டும் ஊமையாகிவிடும் என்றுதான் நினைப்போம். ஆகாது. திரும்பும் வழி இல்லாத மின்சாரம் இடது ஸ்பீக்கர் வழியாகப் போய் வலது ஸ்பீக்கர் வழியாக வர முயலும். அப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். பாடகரின் குரலை ஒலிப்பதிவில் பெரும்பாலும் நட்ட நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். அதனால் குரல் காணாமல் போகிறது. ஓரங்களில் வைத்த வயலினும் எதிரொலியும் மிஞ்சுகின்றன.

இதை உறுதி செய்ய எளிய வழி, ஒற்றைத் தடத்தில் பதிவான ஒரு பழைய பாட்டு. மோனோ பதிவில் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுதான். அதை ஓடவிட்டு, கிணற்றுச் சத்தம் வரும் கோணத்துக்குப் பிளக்கைச் சாய்த்தேன். முழு அமைதி. திரையில் நேரம் ஓடுகிறது, காதில் ஒன்றுமே இல்லை. நிமிர்த்தினேன், நடுச் சரணத்தில் குரல் வந்து நின்றது. பொது இணைப்புதான் என்பதில் சந்தேகமே இல்லை.

அதே சத்தம் இன்னொரு ஹெட்ஃபோனிலும் வந்ததால் ஹெட்ஃபோன் வயரை விட்டுவிட்டு ஜாக்கைப் பார்த்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பிளக்கை மாட்டி மெல்ல அசைத்தபோது, ஜாக்கின் பொதுக் காலைச் சுற்றி, அதைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் சால்டரில் ஒரு சாம்பல் நிற வளையம் தெரிந்தது. மயிரிழை அளவு விரிசல். அசைக்கும்போது கால் உள்ளே ஏறி இறங்கியது, சுற்றியிருந்த சால்டர் அசையவில்லை. அந்தக் கால் நின்ற இடம், பேட்டரி உப்பி அழுத்திக்கொண்டிருந்த போர்டின் விளிம்பு. வருடக்கணக்கில் பிளக் செருகியதும் ஒரு காரணம்தான். ஆனால் மூன்று கால்களில் அந்த ஒன்று மட்டும் விட்டதற்குப் போர்டை வளைத்த அந்த வீக்கத்தைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டும். பொதுக் கால் போர்டில் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். வைக்கும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும். ஊசி முனையை நீண்ட நேரம் அழுத்தினால் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் உருகும், சால்டர் உருகாது. உளி போன்ற அகலமான முனை, 350 டிகிரி, தாராளமாக ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை), மூன்று விநாடி. ஈயம் கலக்காத பழைய சால்டர் சுமார் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நான் சேர்த்தது 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் உள்ள கலவை, 183 டிகிரியில் உருகுவது. இரண்டையும் கலக்கவிடாமல் பழையதைச் செம்பு இழைத் திரியால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். குளிர்ந்ததும் காலைச் சுற்றிப் பளபளப்பான ஒரு சின்னக் கூம்பு.

ஹோல்டு சுவிட்ச்சுக்கு இவ்வளவு கதை இல்லை. தொடுமுனைகளில் களிம்பு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஒரு சொட்டு, முப்பது முறை முன்னும் பின்னும் தள்ளல், காய ஒரு மணி நேரம். முடிந்தது.

மூடிய பிறகு

மூடிய அன்று இரவு முழுவதும் 320 கேபிபிஎஸ் பாட்டுகளை ஓடவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை எழுப்புவதுதானே அந்தப் பேட்டரிக்குக் கடினமான வேலை. காலையில் எழுந்து பார்த்தபோதும் பாடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மறுபடி ஒருமுறை முழுக்க வாசித்துப் பார்த்தேன், பழுது இல்லை.

அக்கா வந்ததும் அந்த மோனோ பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். பிளக்கை எல்லாப் பக்கமும் சாய்த்தாள், திருகினாள், இழுத்தாள். குரல் போகவில்லை. பிறகு பாட்டியின் பதிவைத் தேடி எடுத்து, ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஏழு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போகும்போது பிளேயரை வாங்கிக் கண்ணாடி மேசை மேல் மல்லாக்க வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரமும் பார்த்தேன். ஆடவில்லை.